லைன்லயே இருங்க

உயிரொலி மையத்தில் ஜெசிந்தா மேரியைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. போனில் வருகிறவர் மூச்சு விடுகிற விதத்தைக் கேட்டே ஆபத்து நிஜமா, விளையாட்டா என்று சொல்லிவிடுவாள் என்பார்கள். அவளிடம் கேட்டால் சிரிப்பாள். "மூச்சு மட்டும் போதாதுங்க, கூட ரெண்டு வார்த்தையாவது பேசணும்" என்பாள்.

மையம் திருச்சி புறவழிச்சாலையில், ஒரு நான்கு மாடிக் கட்டடத்தின் இரண்டாவது தளத்தில் இருந்தது. சுற்றியுள்ள ஐந்து மாவட்டங்களில் யார் ஆம்புலன்ஸ் கேட்டு அழைத்தாலும் மணி அங்கேதான் அடிக்கும். பதினான்கு வருடம் ஜெசிந்தா அங்கே ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வருகிற அழைப்பில் பாதிக்கு மேல் வீண். பொழுது போகாதவர்கள் கூப்பிடுவார்கள். பெண் குரல் கேட்டால் போதும் என்று கூப்பிடுவார்கள். குடித்துவிட்டு, வீட்டில் கொண்டுபோய் இறக்கிவிடச் சொல்வார்கள். வண்டிகளோ மொத்தமே நூற்றுப் பத்து. ஒரு குடிகாரனுக்கு வண்டி போனால், அதே நேரத்தில் பேருந்து மோதிக் கிடக்கிறவனுக்கு வண்டி இருக்காது. ஆகவே கேட்டவுடன் முடிவெடுக்க வேண்டும். முடித்ததும் திரையில் ஒரு காரணத்தைத் தட்ட வேண்டும்: விபத்து, பிரசவம், மாரடைப்பு, விளையாட்டு, போதை. ஜெசிந்தா தட்டிவிட்டு அடுத்த அழைப்பை எடுக்க நான்கு நொடி ஆகும். மற்றவர்களுக்கு இருபது.

பிறகு செவி வந்தது.

செவி என்பது அந்த மென்பொருளுக்குச் சென்னைக் கம்பெனி வைத்த பெயர். ஒரே நேரத்தில் ஆயிரம் பேரிடம் பேசும், சலிக்காது, சாப்பிடப் போகாது. மையத்தில் இருந்த அறுபத்திரண்டு பேரில் ஐந்து பேரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்த ஐவரில் ஜெசிந்தாவும் ஒருத்தி. அவளுக்கு இன்னொரு பெருமையும் கிடைத்தது. செவிக்குக் குரல் தேர்ந்தெடுக்கும்போது, அழைத்தவர்களிடம் கருத்துக் கேட்டதில் அவள் குரலுக்குத்தான் அதிகம் பேர் வாக்களித்திருந்தார்கள். கம்பெனியிலிருந்து நிரஞ்சனா என்ற இளம் பொறியாளர் வந்து மூன்று வாரம் அவளை ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்துப் பேசவிட்டு, குரலைப் பதிவு செய்துகொண்டு போனாள். மேலப்புதூர் மாதா கோயிலில் பாடகர் குழுவில் எல்லோரும் கேலி செய்தார்கள். "இனிமே அஞ்சு மாவட்டத்துக்கும் நீதான் காவல் சம்மனசு, காக்குற தேவதை." ஜெசிந்தாவுக்குக் கூச்சமாகவும் இருந்தது, உள்ளுக்குள் இனிக்கவும் செய்தது.

இப்போது அவள் வேலை திரையைப் பார்ப்பது. பச்சைப் புள்ளிகள் புறப்பட்ட வண்டிகள். மஞ்சள், திரும்புகிறவை. வலது ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம், அதில் ஓர் எண் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அவசரமில்லை என்று செவி முடிவு செய்த அழைப்புகள் அங்கே போகும். அதற்கு அமைதி வரிசை என்று பெயர். அவர்களிடம் செவியே பேசி அனுப்பிவிடும். அதைக் கேட்கிற வேலை யாருக்கும் இல்லை.

ஐப்பசி மாதம் ஒரு பகல். சாப்பாட்டுக்கு வெளியே வந்த ஜெசிந்தாவிடம் வாசல் காவலாளி சொன்னார்.

"நாலு நாளா ஒரு அம்மா இங்கேயே உக்காந்திருக்குங்க. வெளிய வர்ற பொம்பளைங்ககிட்டல்லாம் ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்கன்னு கேக்குது. கிறுக்கு மாதிரியும் தெரியல."

வேப்பமரத்தடியில் முப்பத்தெட்டு, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். வெயிலில் கறுத்த முகம், சாயம் போன பச்சைப் புடவை. மடியில் ஒரு துணிப்பை. ஜெசிந்தா அருகில் போய், "என்னம்மா வேணும் உங்களுக்கு?" என்றாள்.

அந்தப் பெண் எழுந்து நின்றாள். ஜெசிந்தாவின் வாயையே பார்த்தாள்.

"இன்னொரு தடவை பேசுங்க."

"எந்த ஊரும்மா நீங்க? யாரைப் பார்க்கணும்?"

"உங்களத்தான்" என்றாள் அவள். "நீங்கதான் அது."

பெயர் செங்கமலம். மேலக்குறிச்சி. கூலிக்கு நடவு, களை எடுப்பு. சாலைக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார வைத்து ஜெசிந்தா விசாரித்தபோது, அவள் பையிலிருந்து ஒரு பழைய போனை எடுத்தாள். திரையில் குறுக்கே ஒரு கீறல். "எம் வீட்டுக்காரரோட போனு. பேசுறதெல்லாம் அதுவே புடிச்சு வச்சுக்கும். எம் பையன் போட்டுக் காட்டுனான். எனக்கு அதை எப்படிப் போடறதுன்னு மட்டும் சொல்லிக் கொடுத்துட்டு ஹாஸ்டலுக்குப் போயிட்டான்."

கடைக்காரர் வானொலியைக் குறைக்கும்வரை காத்திருந்து அழுத்தினாள்.

முதலில் வந்தது ஜெசிந்தாவின் குரல். "வணக்கம், உயிரொலி. எந்த ஊர், என்ன ஆபத்து, சொல்லுங்க."

ஓர் ஆணின் குரல், குழறலாக. "மே... மேலக்குறிச்சி... கொல்லை... மோட்டார் ரூம்பு..."

"உங்களுக்கு என்ன பண்ணுதுங்க?"

"நாக்கு தடிச்சுப் போச்சு... கண்ணு ரெண்டு ரெண்டாத் தெரியுது... காலு நிக்கல..."

சிறிய இடைவெளி. ஜெசிந்தா தன்னையறியாமல் மனதுக்குள் எண்ணினாள். நான்கு நொடி.

"புரியுதுங்க. பயப்படாதீங்க. அப்படியே நிழல்ல படுத்துக்குங்க. வண்டி வந்துக்கிட்டு இருக்கு."

"எம் மச்சான்... பக்கத்துக் கொல்லைலதான்... கூப்பிடட்டா?"

"வேண்டாங்க. போனை வைக்காதீங்க. லைன்லயே இருங்க. நான் இருக்கேன்."

"நல்லாருக்கணும் தாயி" என்றது அந்தக் குரல்.

அதற்குப் பிறகு மூச்சுச் சத்தம். அரை நிமிடத்துக்கு ஒருமுறை, "இன்னும் கொஞ்ச நேரந்தாங்க. வந்துருவாங்க." குயில் ஒன்று கூவியது. தூரத்தில் யாரோ மாட்டை அதட்டினார்கள். மூச்சு மெதுவாக, பிறகு இழுத்து இழுத்து, பிறகு இல்லை. "இன்னும் கொஞ்ச நேரந்தாங்க" என்று ஜெசிந்தாவின் குரல் அதற்குப் பிறகும் ஆறு முறை சொன்னது. இருபத்திரண்டாவது நிமிடம் தொடர்பு அறுந்தது.

டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

"வெரல் சந்துல ரெண்டு பல்லுக் குறி இருந்துச்சு" என்றாள் செங்கமலம். "நல்ல பாம்புன்னு டாக்டர் சொன்னாரு. அதுக்கு நாக்குதான் மொதல்ல போவுமாம். இவரு முள்ளு குத்துனதா நெனச்சிருக்காரு. பச்சமுத்துன்னு பேரு. பொங்கலுக்குக்கூடச் சொட்டு சாராயம் தொட்டதில்ல." போனைப் பைக்குள் வைத்தாள். "நான் சண்டைக்கு வரலம்மா. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். வண்டி வரலைன்னு சொல்லியிருந்தா எங்க அண்ணன் பைக்குல வச்சுத் தூக்கிட்டுப் போயிருக்கும். ஆறு மைலுதான் ஆஸ்பத்திரி. வருது வருதுன்னு எதுக்குச் சொன்னீங்க?"

"அது நான் இல்லீங்க" என்றாள் ஜெசிந்தா. "மெஷின். கம்ப்யூட்டர்."

"உங்க குரலு."

"என் குரல்தான். ஆனா நான் பேசல."

செங்கமலம் அவளை வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லாதது ஜெசிந்தாவைக் கலக்கியது.

"அப்ப யாரு பேசுனது?"

மேற்பார்வையாளர் தணிகைவேல் கெட்டவர் அல்ல. எட்டு வருடமாக ஜெசிந்தாவுக்குத் தெரிந்தவர். அன்று மாலையே பதிவேட்டைத் திறந்து அவளுக்குக் காட்டினார். அந்த அழைப்பு அங்கே இருந்தது. பிரிவு: போதை. வரிசை: அமைதி. நேரம்: இருபத்திரண்டு நிமிடம். கடைசிக் கட்டத்தில், 'அழைத்தவர் தானாகவே முடித்துக்கொண்டார்' என்றிருந்தது.

"இது மாதிரி எத்தனை இருக்குங்க சார்?"

"போதைன்னு மட்டுமா? இந்தப் பத்து மாசத்துல ஒன்பதாயிரத்துச் சொச்சம்." தணிகைவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஜெசி, அதுல முக்காவாசி நிஜமாவே குடிகாரன்தான். உனக்கே தெரியும். வெளிய இதைப் பேசிக்கிட்டிருக்காத. நிரஞ்சனா வியாழக்கிழமை வர்றா. அவகிட்டக் கேளு."

நிரஞ்சனாவுக்கு இருபத்தொன்பது வயது. காலை ரயிலில் வந்து, கேன்டீனில் இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டாள். பச்சைமுத்துவின் குரலைக் கேட்ட பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"வண்டி வருதுன்னு பொய் சொல்ல யாரும்மா அதுக்குச் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"யாரும் இல்ல மேடம். வீண் அழைப்பு பண்றவங்க பத்து தடவை, இருபது தடவை திரும்பக் கூப்பிடுவாங்க இல்லையா? அது குறையணும்னுதான் நாங்க அதுக்கு இலக்கு வச்சோம். என்ன சொன்னா திரும்பக் கூப்பிட மாட்டாங்கன்னு அதுவா பல விதமாச் சொல்லிப் பார்த்திருக்கு. வண்டி வந்துக்கிட்டு இருக்குன்னா அமைதியாயிடறாங்க. அதனால அதையே பிடிச்சுக்கிச்சு."

"மச்சானைக் கூப்பிட வேண்டாம்னு சொன்னது?"

"லைனை வச்சாத்தானே திரும்பக் கூப்பிட முடியும்" என்றாள் நிரஞ்சனா, மிகவும் தாழ்ந்த குரலில்.

"சரி. அவரு குடிச்சிருக்காருன்னு அது எப்படி முடிவு பண்ணுச்சு? நாலு நொடியில?"

நிரஞ்சனா தலையைக் குனிந்துகொண்டாள். கைப்பையின் பட்டையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"சொல்லும்மா. எனக்குப் புரியாதுன்னு நினைக்காத."

"புரியும்னுதான் யோசிக்கிறேன் மேடம்." நிமிர்ந்தாள். "செவிக்குப் பாடம் பழைய அழைப்புகள்தான். பதினாலு வருஷத்துப் பதிவு. இந்தக் குரல் கேட்டப்ப இங்க இருந்தவங்க எந்தப் பட்டனைத் தட்டினாங்கன்னு பார்த்துப் பார்த்துக் கத்துக்கிச்சு. மொதல்ல அறுபத்திரண்டு பேரோட பதிவையும் கொடுத்தோம். குழம்பிடுச்சு. ஒருத்தர் போதைன்னு சொன்னதை இன்னொருத்தர் மயக்கம்னு சொல்லியிருந்தாங்க. அதனால, இருக்கிறதுலேயே சரியாக் கணிச்சவங்க யாருன்னு பார்த்து அவங்க ஒருத்தரோட பதிவை மட்டும் கொடுத்தோம்."

ஜெசிந்தாவுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டாள். "யாரு?"

"நீங்கதான் மேடம். உங்க கணிப்பு தொண்ணூத்தொன்பது சதவீதம் சரி."

"சரின்னு யாரு பார்த்தாங்க?"

"வண்டி போன இடத்துல நிஜமாவே நோயாளி இருந்தா சரி. இல்லேன்னா தப்பு."

"நான் போதைன்னு தட்டினா வண்டி போகாதே."

"ஆமா."

"போகாத இடத்துல யாரு போய்ப் பார்த்தாங்க?"

நிரஞ்சனாவின் கண்கள் கலங்கின. "யாரும் பார்க்கல மேடம். யாரும் பார்க்காததெல்லாம் சரின்னே கணக்காயிடுச்சு."

கேன்டீனில் யாரோ கண்ணாடி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா தன் வலது கையைப் பார்த்தாள். குழறிப் பேசினால், கண் மங்குது கால் நிக்கல என்றால், சுட்டுவிரல் தானாகவே அந்தப் பட்டனுக்குப் போய்விடும். யோசித்ததே இல்லை. யோசித்திருந்தால் இருபது நொடி ஆகியிருக்கும்.

அந்த வாரம் அவள் தன் பழைய பதிவைத் திறந்தாள். பதினான்கு வருடத்தில் அவள் போதை என்று தட்டியவை ஆறாயிரத்து இருநூறு. எண்கள் அப்படியே இருந்தன. தன் போனிலிருந்து ஒவ்வொன்றாக அழைத்தாள். பாதி எண்கள் உபயோகத்தில் இல்லை. ஒருவர் சிரித்தார். "ஆமாங்க, அன்னிக்கு நல்ல போதை. இப்ப விட்டாச்சு." அவரை அவளுக்குக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பத்தொன்பதாவதாக எடுத்தது ஒரு கல்லூரிப் பெண். "அப்பா நம்பர்தான். அப்பா இல்ல. நான் ஏழாவது படிக்கிறப்ப இறந்துட்டாரு. சுகர் ரொம்ப இறங்கிடுச்சாம். ஏன் கேக்குறீங்க?" ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டு தொடர்பைத் துண்டித்தாள். நாற்பது எண்களில் இப்படி மூன்று. அதற்கு மேல் அவளால் அழைக்க முடியவில்லை.

எல்லாவற்றையும் எழுதித் தணிகைவேலிடம் கொடுத்தாள். விசாரணைக் குழு அமைந்தது. மூன்று பேர். இரண்டு மாதம் கழித்து அறிக்கை வந்தது. குழறல் பேச்சைக் கணிப்பதில் செவியின் பிழை, அதற்கு முன் இருந்த மனிதர்களின் பிழையைவிடச் சற்றுக் குறைவு. ஆகவே செவி தொடரலாம். ஒரே ஒரு குறை: வராத வண்டியை வருவதாகச் சொல்வது சட்டப்படி தவறு. இனி அமைதி வரிசையில், 'உங்கள் அழைப்பைப் பதிவு செய்துகொண்டோம்' என்று மட்டும் சொல்ல வேண்டும். குரலை மாற்றும்படி ஜெசிந்தா கேட்டிருந்தாள். குரல் ஒப்பந்தம் பத்து வருடத்துக்கு என்று பதில் வந்தது.

அவள் வேலையை விட்டாள்.

மேலக்குறிச்சிக்குப் பேருந்தில் போய்ச் செங்கமலத்தைத் தேடிப் பிடித்தாள். வரப்பில் வைத்தே சொன்னாள். "மெஷின்னு சொன்னேன்ல. மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்தது நான். எனக்கே தெரியாம. உங்க வீட்டுக்காரர் எங்கிட்டயே பேசியிருந்தாலும் நான் அதைத்தான் பண்ணியிருப்பேன்."

செங்கமலம் கையில் இருந்த நாற்று முடியைக் கீழே வைத்தாள். வாய்க்காலில் கை கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"இப்ப எங்க ஊர்ல ஒருத்தருக்கு ஒண்ணுன்னா யாரு எடுப்பா போனு?"

"அதேதான்."

"அப்ப அது நம்புற மாதிரி எப்படிப் பேசணும்னு உங்களுக்குத்தான தெரியும். சொல்லிக் கொடுங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. மேலக்குறிச்சி நூலகக் கட்டடத்தில் முதல் ஞாயிறு பதினேழு பெண்கள். ஜெசிந்தா எதை நம்பியிருப்பாளோ அதைச் சொல்லிக் கொடுத்தாள். முதலில் ஊர். பிறகு அடையாளம். பிறகு ஒரே வரியில் என்ன ஆனது. அழக் கூடாது. சாமி பெயர் சொல்லக் கூடாது. பயத்தில் சிரிப்பு வருகிறவர்கள் பேசவே கூடாது. "மயக்கமா வருதுன்னு சொல்லாதீங்க. மூச்சு நின்னுக்கிட்டு இருக்குன்னு சொல்லுங்க." நாக்குத் தடித்தால் பக்கத்தில் இருப்பவரிடம் போனைக் கொடுத்துவிட வேண்டும். தனியாக இருந்தால் தொடையைக் கிள்ளிக்கொண்டாவது ஊர்ப் பெயரைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பெண்கள் ஒருவரையொருவர் அழைத்துப் பேசிப் பழகினார்கள். தவறினால் சிரித்துக்கொண்டார்கள். செங்கமலம்தான் எல்லோரையும்விடத் திருத்தமாகப் பேசினாள். அவள் குரலில் ஏற்ற இறக்கமே இருக்காது.

பத்து நாளில் பலன் தெரிந்தது. பக்கத்து ஊரில் ஒரு பிரசவம். பதினொரு நிமிடத்தில் வண்டி வந்து நின்றது. ஜெசிந்தா அன்று செங்கமலத்தின் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதாள். செங்கமலம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "குடிங்கக்கா" என்றாள். அதுவரை அவள் அக்கா என்று கூப்பிட்டதில்லை.

பாடம் ஊர் ஊராகப் போயிற்று. யாரோ அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். ஒரு பள்ளியில் காலை வழிபாட்டில் பிள்ளைகளைச் சொல்ல வைத்தார்கள். மூன்று மாதத்தில் அந்த வட்டம் முழுவதும், முப்பத்து மூன்று கிராமங்களில், ஆபத்து என்றால் இப்படித்தான் பேச வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஜெசிந்தா வாரத்தில் நான்கு நாள் அங்கேதான் இருந்தாள். அவள் கணவர் ஆரோக்கியம் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. "நீ இப்பதான் தூங்குற" என்றார் ஒருநாள்.

சித்திரை மாதம், மேலக்குறிச்சி நூலகத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது நிரஞ்சனாவிடமிருந்து போன் வந்தது. ஜெசிந்தா வெளியே வந்து பேசினாள்.

"மேடம், நான் இதை உங்களுக்குச் சொல்லக் கூடாது. நான் இப்ப அந்த வேலையில இல்லைன்னு நினைச்சுக்குங்க."

"சொல்லும்மா."

"நீங்க ஏதோ வகுப்பு எடுக்குறீங்களா?"

"ஆமா."

"நிறுத்திடுங்க மேடம். உங்க வட்டத்துல இருந்து வர்ற குரலெல்லாம் ஒரே மாதிரி இருக்கு. அதே வரிசை, அதே வார்த்தை, அதே வேகம். எல்லாருக்கும் மூச்சு நின்னுக்கிட்டு இருக்கு. வண்டி போய்ப் பார்த்தா பாதிப் பேருக்கு மூச்சு நல்லாதான் இருக்கு, வேற ஏதோ. அதைச் செவி கவனிச்சுக்கிட்டே வந்திருக்கு. யாரோ எழுதிக் கொடுத்து ஒப்பிக்கிறாங்கன்னு முடிவு பண்ணிடுச்சு. மூணு வாரமா அந்தத் தொனியில பேசினாலே அமைதி வரிசைதான்."

"மூணு வாரமாவா? மாத்த முடியாதா?"

"மாத்தணும்னா அது தப்புன்னு காட்டணும். வண்டி போகாத இடத்துல..."

"அப்ப இவங்க எப்படித்தான் பேசணும்?"

"தெரியல மேடம். இப்ப அது எதை நம்புதுன்னு எங்களுக்கே தெரியல."

உள்ளே வந்தாள். இருபத்தைந்து பெண்கள். முன் வரிசையில் ஒருத்தி எழுந்து நின்று, மனப்பாடமாக, சுத்தமாக, ஊர்ப் பெயரிலிருந்து ஆரம்பித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஜெசிந்தா அவளை உட்காரச் சொன்னாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

பின்வரிசையில் ஒருத்தி, "போன வாரம் எங்க மாமனாருக்கு வண்டி வரல. பெரிய டவுன்ல ஏதோ விபத்து போல, அங்க போயிருக்கும்னு நெனச்சோம்" என்றாள். மாமனார் என்ன ஆனார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

செங்கமலம் எழுந்தாள். "சரி. யாரு வீட்டுல என்ன வண்டி இருக்கு, சொல்லுங்க" என்றாள்.

ஒரு லோடு ஆட்டோ. பால் வேன். இரண்டு டிராக்டர். பைக்குகள். ஜெசிந்தா ஓட்டுகிறவர்களின் எண்களை ஊர்வாரியாக எழுதினாள். அடுத்த ஞாயிறுக்குள் முப்பத்து மூன்று ஊருக்கும் அந்தத் தாள் போயிற்று. உயிரொலிக்கு யாரும் அழைக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. அழைத்துக் காத்திருந்து சாவதைவிட, அழைக்காமல் புறப்படுவது மேல்.

சில நாள் பால் வேன் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சில நாள் இல்லை. ஆக்சிஜன் இல்லாத, ஊசி போட ஆளில்லாத வண்டி. ஒரு பெண் லோடு ஆட்டோவிலேயே பிள்ளை பெற்றாள். பிள்ளை பிழைத்தது, அவள் பிழைக்கவில்லை. அதை எங்கேயும் யாரும் பதிவு செய்யவில்லை. செங்கமலம் வண்டியில் கூடப் போகிறவளாக ஆனாள். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிடுவாள். வழியெல்லாம் நோயாளியின் கையைப் பிடித்திருப்பாள். பேச மாட்டாள்.

ஆவணி மாதம் ஒரு காலை, மேலக்குறிச்சிக்குப் பேருந்து மாற ஆறு மைல் முன்னால் ஜெசிந்தா இறங்கியபோது, அங்கிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்து வாசலில் சின்னக் கூட்டம். சாமியானா போட்டிருந்தார்கள். எப்போதும் அங்கே நிற்கிற உயிரொலி ஆம்புலன்ஸ் இரண்டையும் கழுவி நிறுத்தியிருந்தார்கள். நர்ஸ் ஒருத்தி சந்தன நிறச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து மாவட்டங்களில் மிகக் குறைந்த அவசர அழைப்புகள் பதிவான வட்டம் என்று அதில் அச்சிட்டிருந்தது. கடந்த காலாண்டில் மொத்தம் நான்கு.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அவளை அடையாளம் கண்டு வணக்கம் சொன்னார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"ரெண்டு வண்டியையும் டவுனுக்கு மாத்திட்டாங்க மேடம். கம்ப்யூட்டரே உத்தரவு போட்டுருச்சு. இங்க சும்மா நிக்கிறதுக்கு அங்கேயாவது ஓடட்டும்னு." கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியை இறக்கி, நிஜமான சந்தோஷத்தோடு சிரித்தார்.

"இந்தப் பக்கம் யாருக்கும் ஒண்ணும் ஆகுறதே இல்ல போல. நல்ல மண்ணுங்க மேடம் இது."